பெட்டித் தலைச் சாமி

“இவரை நான் சென்னைக்குக் கொண்டு போகணும்மா. நாலே நாள். பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து வச்சிடுறேன்.”

“நகர்த்தக் கூடாதுங்க சார். வேண்டுதல் இன்னும் முடியல” என்றாள் இருசம்மாள். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.

குன்னத்துக்குக் கிழக்கே, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது அந்த அய்யனார் கோயில். சுற்றிலும் நேர்ந்து வைத்த மண் பொம்மைகள். கால் நோவு தீர வேண்டியவர்கள் கால் வைத்திருந்தார்கள். மாடு காணாமல் போனவர்கள் மாடு வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில், ஆளின் இடுப்பு உயரத்துக்கு நின்ற பொம்மை ஒருவர்தான் சிவசுப்பிரமணியனைத் திருச்சியிலிருந்து இழுத்து வந்தவர்.

தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி. அதில் கண்ணுக்கு நேராக ஒரு சின்னச் சதுரம். முழங்கை வரை உறை. கழுத்திலிருந்து முட்டி வரை கனத்த உடை. வலது கையில் ஒரு கோல், கோல் நுனியில் நட்சத்திரம். கோலிலிருந்து புறப்பட்ட ஒரு குழாய் காலைச் சுற்றிப் பின்பக்கம் போனது.

சிவசுப்பிரமணியன் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாம் கும்பிடும் தெய்வங்கள் எல்லாம் வேறு கிரகத்திலிருந்து வந்து போனவர்கள் என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறார். கேட்டவர்கள் சிரித்ததுதான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு கூட்டம். இந்தப் பொம்மையை மேடையில் வைத்துவிட்டால் ஒருத்தன் வாய் திறக்க மாட்டான்.

“நல்லாப் பாருங்கம்மா. தலைக்கவசம். கண்ணுக்குக் கண்ணாடி. காத்து வர்றதுக்குக் குழாய். கையில ஒளி ஆயுதம். இவர் நம்ம பூமி ஆளே இல்ல.”

“இது பழசு இல்லீங்க. கண்ணையன் செஞ்சு மூணு வருசந்தான் ஆவுது.”

“பொம்மை புதுசும்மா, உருவம் பழசு. குயவருங்க மனசுக்குத் தோணினதைச் செய்ய மாட்டாங்க. கண்ணையனும் எதையோ பார்த்துத்தானே செஞ்சிருப்பார்?”

“ஆமாங்க. பார்த்துத்தான் செஞ்சாரு.”

அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். “அவரை நான் பார்க்கணுமே?”

“போன தையில தவறிட்டாருங்க.”

ஒரு சாட்சி போயிற்று. அவர் முகம் வாடியதைப் பார்த்து இருசம்மாளுக்குப் பாவமாக இருந்தது. தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்திலிருந்த குடத்துத் தண்ணீரில் முந்தானையை நனைத்துப் பெட்டித் தலையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள்.

“வெயில்ல நிக்கிறாருல்ல” என்றாள். பிறகு, “அந்தக் கிரகம் ரொம்பத் தொலைவா சார்?”

“நினைச்சே பார்க்க முடியாது.”

“அங்கேருந்து லெட்டர் கிட்டர் வராதா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் இப்படி முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டவர் யாருமில்லை. மோரை வைத்துவிட்டு உட்கார்ந்தே பதில் சொன்னார்.

“நான் தந்தி ஆபீஸ்காரன், சொல்றேன் கேளுங்க. அவ்வளவு தொலைவுல இருந்து ஒரு சேதி வந்து சேரப் பல வருஷம் ஆகும்.”

“அப்ப, சேதி வரலங்கறதுக்காக ஆளே இல்லன்னு ஆயிடாது.”

“ஆகவே ஆகாது. சேதி வழியில இருக்குன்னு அர்த்தம்.”

“திரும்பி வருவாங்களா?”

“கட்டாயம் வருவாங்க. எந்த ஊர்க் கதையை வேணா எடுத்துக்குங்க, வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க.”

இருசம்மாளின் கண் நிறைந்துவிட்டது. தன் கொள்கையை நம்புகிற முதல் ஆள் கிடைத்துவிட்டார் என்று சிவசுப்பிரமணியன் நினைத்துக்கொண்டார். பொம்மையைக் கேட்க இப்போது மனம் வரவில்லை. கேமராவை எடுத்தார்.

“சரிம்மா, இவர் இங்கேயே இருக்கட்டும். போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்.”

“முகம் நல்லா வுழட்டும் சார்.”

“முகம் எங்கம்மா இருக்கு? அந்தப் பெட்டிக்குள்ள எப்படி இருந்தாரோ, யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுங்க.”

சுருக்குப்பையைத் திறந்து, பாலிதீன் தாளில் மடித்திருந்த ஒரு போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். அதே பெட்டித் தலை, அதே கையுறை, அதே கோல். பின்னால் பாதி கட்டிய கப்பல் ஒன்று நின்றது. திருப்பினார். பேனாவால் எழுதியிருந்தது: ‘வெல்டர் அரியமுத்து, ஷார்ஜா.’

“எங்க வூட்டுக்காரரு. போய்ச் சேர்ந்ததும் இந்த ஒண்ணுதாங்க அனுப்புனாரு. நாலு வருசமா ஒரு சேதியும் இல்ல. குதிரையேறித் தேடிப் போற அய்யனாருக்கு அடையாளம் தெரியணுமேன்னு, அங்க நிக்கிற கோலத்துலயே செய்யச் சொன்னேன். ஊருல எல்லாரும் தாலியக் கழட்டுங்கறாங்க சார். நீங்க ஒருத்தருதான் கட்டாயம் வருவாங்கன்னு சொன்னீங்க.”