வலது கையை விட்டுவிட்டார்கள்

கள்ளக்குறிச்சி சாலையில் வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் முன்னால் பேருந்து நிற்கிறது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிற வாரம். நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகளில் வெயில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. டயர் எரிகிற புகை கரும்புத் தோட்டத்துக்குள் புகுகிறது. "எந்தத் தெருடா நீ?" என்று தீனதயாளனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்கள். சென்னையில் சம்பளத்துக்கு வாலிபால் ஆடுகிறவன். ஆட்டமில்லாத நாளில், கட்டைகளை அழுத்தித் தந்தி மீட்டும் புல்புல்தாராவில் சொந்தமாக மெட்டுப் போடுகிறவன். தெருப் பெயரைச் சொல்கிறான். அதிலேயே சாதி தெரிந்துவிட, முதுகில் தடி விழுகிறது. தோளில் தொங்கிய புல்புல்தாரா புழுதியில் உருள்கிறது. முழங்காலிட்டவன், வலைக்கு மேலே பந்தைத் தடுப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்குகிறான். கும்பலுக்குள்ளிருந்து வீரமுத்து பாய்ந்து வருகிறான். முன்பு ஊர் அணியில் பல வருஷம் தீனதயாளன் அடிப்பதற்கென்றே பந்தைத் தூக்கிக் கொடுத்தவன். அவன் கையிலும் தடி. "டேய், வலது கைய வுட்டுடுங்கடா! ஆடிக்கினு இருக்கறவன், பொழப்பு போயிடும்!" அவர்கள் அவன் பேச்சைக் கேட்கிறார்கள். இடது கையை மரத்தின் மேல் வைத்து அடிக்கிறார்கள். விரல்கள் சுள்ளிபோல முறிகின்றன.

போலீஸ் ஜீப்பின் இரைச்சலில் கும்பல் சிதறுகிறது. வீரமுத்து மட்டும் நின்று, புல்புல்தாராவைத் துடைத்துத் தீனதயாளன் மடியில் வைக்கிறான். "இது ஒடையலடா, பாரு." தீனதயாளன் வலது கையால் தந்திகளை மீட்டுகிறான். கட்டைகளை அழுத்த வேண்டிய இடது கை ரத்தம் சொட்டத் தொங்குகிறது. ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. "போதும், நிறுத்துடா" என்கிறான் வீரமுத்து. அவன் நிறுத்தவில்லை.