மூன்று கட்டைக் குரல்

சாப்பாட்டு மேசையில் மவுத் ஆர்கனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதன் பித்தளை நாக்குகளின் நுனியில் கடுகளவு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. பாடகருக்குப் பகீரென்றது. இருபது வருடம் அவர் பாட, அவள் வாசித்த வாத்தியம் அது.

"என்ன பண்றே?"

"நுனியில கனம் ஏத்தினா சுருதி இறங்கும். அஞ்சு கட்டையை மூணாக்கறேன்."

"நான் பாடறது அஞ்சு கட்டையாச்சே!"

"நீங்கதான் இனிமே பாட மாட்டேன்னுட்டீங்களே. வேற குரல் கிடைச்சிருக்கு."

"யாரு அந்த மகராசன்?"

"பேரெல்லாம் எதுக்கு? கொஞ்சம் கரகரப்பு. ஆனா ஆளையே அசத்துது. தினமும் காலையில கேக்கறேன்."

"தினமுமா! எங்கே?"

"நம்ம குளியலறை வாசல்ல. மூணு வாரமா போனைப் பிடிச்சு நின்னு சுருதி அளந்தேன்."

அவர் குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இறங்கிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காதென்று நினைத்துத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு, அவர்களுடைய பழைய பாட்டை அவள் வாசிக்கத் தொடங்கினாள். தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டவர், சரணத்தில் தொண்டையைத் திறந்துவிட்டார். உச்சியில் குரல் உடையவில்லை, கம்பீரமாக நின்றது. எதிர்வீட்டு ஜன்னலில் கைதட்டல் கேட்டது.

"யாராவது இனிமே மேடைக்குக் கூப்பிடுவாங்களா?" என்றார் மூச்சு வாங்க.

"சனிக்கிழமை ஆறு மணிக்கு. போன வாரமே ஒத்துக்கிட்டேன்."