இடது காது

“வெங்காய வியாபாரத்துல என் பக்கம் ஏதாச்சும் தப்புத்தண்டா இருந்தா பொறுத்துக்கங்க, சிங்காரம். சாயங்காலம் சென்னைக்குக் கிளம்பறேன். வியாழக்கிழமை ஆபரேஷன்.”

தாஜுதீன் கையைப் பற்றிக்கொண்டதும், அவரை வழியனுப்ப வீட்டுக்கு வந்திருந்த தரகர் சிங்காரவேலு நெளிந்தார். காலையிலிருந்து லப்பைக்குடிக்காட்டில் தெரிந்தவர்களை எல்லாம் பார்த்து இப்படித்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் தாஜுதீன். உயிருக்கு ஆபத்தான காரியத்துக்குப் புறப்படுமுன் அது அவர்கள் வழக்கம்.

“என்கிட்டப் போயி எதுக்கு பாய்...”

“திரும்பி வருவேனோ மாட்டேனோ. புத்துநோய் இல்லை, சாதாக் கட்டிதான். லட்சத்துல ஒருத்தருக்கு வருமாம். ஆனா காது நரம்புல மொளச்சு, மூளைத்தண்டு மேல போய்ச் சாஞ்சிருக்கு. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா மூச்சே நின்னிருக்கும்னாரு டாக்டர். எடுத்துட்டா உசிரு தப்பும். இடது காது மட்டும் போனது போனதுதான்.”

தாஜுதீனின் மனைவி ரஹ்மத் டீயை நீட்டினாள். “அரியலூர்ல ஒருத்தர் அழுக்குன்னு சொட்டு மருந்து கொடுத்தாரு. பெரம்பலூர்ல ஒருத்தர் வயசாச்சுன்னாரு. ஸ்கேன் எடுத்தே தீரணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதாண்ணே. அல்லா உங்களை நல்லா வெக்கணும்.”

“அதை விடும்மா.”

“எப்படிண்ணே விட முடியும்? இருபத்தேழு வருசமா குடித்தனம் நடத்துறேன். கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. திமிருன்னுதான் நெனச்சேன்.”

“அதுவும் கொஞ்சம் உண்டு” என்றார் தாஜுதீன். ரஹ்மத் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சிங்காரவேலுவின் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“டாக்டரே அசந்துட்டாரு, சிங்காரம். எந்த மாசத்துல எவ்வளவு கேக்காமப் போச்சுன்னு இவ்வளவு துல்லியமா சொன்னது யாருன்னு கேட்டாரு. என்னைப் பெத்த அத்தா இருந்தாக்கூட இப்படிக் கவனிச்சிருக்க மாட்டாரு. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

சிங்காரவேலு டம்ளரை வைத்துவிட்டு, தாஜுதீனின் வலது பக்கமாக வந்து குனிந்தார்.

“நீங்கதான் பாய் என்னைப் பொறுத்துக்கணும். நீங்க வலது காதுல போன் பேசறப்ப, இடது பக்கம் நின்னு விவசாயிகிட்ட ஒரு விலை முடிப்பேன். உங்ககிட்ட கூடுதல் விலை சொல்லுவேன். ரெண்டு வருசமா இதான் நடந்துச்சு. மொதல்ல கிசுகிசுக்க வேண்டியிருந்துச்சு, அப்புறம் சாதாரணமாவே பேசினேன். போன மாசம் சத்தம் போட்டுச் சொல்லியும் நீங்க திரும்பலை பாருங்க பாய், அப்பதான் பயந்துட்டேன்!”