பூட்டிய கட்டுரை

"இன்னும் பூட்டித்தான் கிடக்கோ, பிள்ளை?"

படலையைத் திறக்கும்போதே வல்லிபுரம் கேட்டார். அவள் வரும் ஒவ்வொரு முறையும் இதே கேள்விதான்.

"ஓம் அண்ணை. பூட்டுத்தான்," என்றாள் நிசாந்தினி. யாழ்ப்பாணத்திலிருந்து சரவணை வரைக்கும் பஸ்ஸில் நின்றே வந்தவள், அவர் இழுத்துப் போட்ட கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவள் பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர். போன வருடம் சரவணைக் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்தாள். வல்லிபுரத்தின் கிணறுதான் ஆக மோசம். தோட்டத்துக்குப் போட்ட பசளையெல்லாம் இறங்கி, குடிக்கவே கூடாத தண்ணீர். முடிவு தெரிந்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டாள். பிறகு அதைக் கட்டுரையாக எழுதினாள். வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. வெளியிட்டுப் பூட்டியும் வைத்தது. வாசிக்க விரும்புகிறவர் காசு கட்ட வேண்டும். எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமானால் எழுதியவள் கட்ட வேண்டும். அது அவளுடைய ஒரு வருடச் சம்பளத்தைவிடக் கூட.

"சலுகை கேட்டுத் திரும்பவும் எழுதினனான். உங்கட நாடு அவ்வளவு ஏழை நாடில்லை எண்டு பதில் போட்டிருக்கிறாங்கள்."

"கேட்க நல்லாத்தான் இருக்கு," என்றார் வல்லிபுரம்.

"என்ர கட்டுரையை நானே அங்க திறக்கப் போனாலும் காசு கேட்குது, அண்ணை."

"உம்மட வளவுக்குள்ள போக உமக்கே ரிக்கெற்றோ!"

அவருடைய மனைவி மனோகரி சோடாப் போத்தலோடு வந்தார். "தேத்தண்ணி தர மனமில்லாமல் இல்லை, பிள்ளை. எங்கட தண்ணியைத்தான் உமக்குத் தெரியுமே."

நிசாந்தினி வாங்கிக் குடித்தாள். வல்லிபுரம் விடவில்லை.

"அப்ப, காசு கட்டாமல் ஒருத்தராலும் வாசிக்க ஏலாது?"

"ஏலாது."

"வெளிநாட்டில இருக்கிறவையும்?"

"அவையும் கட்டத்தான் வேணும். சரவணைக் கிணத்தைப் பற்றி வாசிக்க ஆர் அண்ணை காசு கட்டப் போகினம்?"

வல்லிபுரம் மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் அவளை உறுத்தியது. இவருடைய கிணற்றில் அள்ளிய தண்ணீரை வைத்துத்தான் கட்டுரை. கட்டுரை நாலு பேர் கண்ணில் பட்டால் பிரதேச சபை அசையும், குழாய்த் தண்ணீர் வரும் என்று இவருக்குச் சொன்னவளும் அவள்தான். பூட்டிய கட்டுரை யார் கண்ணில் படும்?

கிணற்றடியைப் பார்த்தாள். கிணற்றுக் கட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தது.

"கிணத்துக்கும் வெள்ளை அடிச்சிருக்கிறியள்?"

"சும்மா. பார்க்க வடிவாய்க் கிடக்கட்டுமெண்டு."

குடிக்க முடியாத கிணற்றுக்கு வெள்ளை அடிக்கிற மனிதர். அவளுக்கு எல்லாமே அலுத்துப்போய்விட்டது. கைபேசியை எடுத்தாள்.

"என்னட்டை இருக்கிற பிரதியை நானே இணையத்தில போடப் போறன், அண்ணை. ஆரும் காசில்லாமல் வாசிக்கலாம்."

"அப்பிடிச் செய்யலாமோ?"

"கூடாது. உரிமையை அவங்களுக்கு எழுதிக் குடுத்திட்டன். 'உமக்கென்ன விசரோ, அடுத்த மாசம் வேலை நிரந்தரமாக்கிற நேர்முகம் கிடக்கு, அதுக்குள்ள உந்த வேலை பார்க்கிறீரோ' எண்டு பேராசிரியரும் ஏசிப்போட்டார்."

"அவர் சொல்லுறது சரிதானே!" வல்லிபுரம் எழுந்தே விட்டார். "விடும் பிள்ளை. எங்களுக்காக நீர் ஏன் வேலையைக் கெடுக்கிறீர்? நாங்கள் இவ்வளவு நாளும் சமாளிச்சனாங்கள்தானே."

மனோகரியும் கிட்ட வந்தார். "அவசரப்படாதையும். ஒரு கிழமையாவது பொறுத்துச் செய்யும்."

இந்த ஒரு வருடத்தில் அவளைப் பற்றி யாரும் இப்படிக் கவலைப்பட்டதில்லை. சஞ்சிகைக்காரர் காசைப் பேசினார்கள். பேராசிரியர் விதியைப் பேசினார். சொந்தக் கிணற்றில் ஒரு மிடறு குடிக்க முடியாத இரண்டு பேர் அவளுடைய வேலைக்காகப் பதறுகிறார்கள். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. விரலை வைத்து அழுத்தினாள்.

"போட்டாச்சு."

"போட்டாச்சோ?"

"ஓம் அண்ணை. நன்றி சொல்லுற இடத்தில உங்கட பேரும் கிடக்கு. இனி ஆராவது வல்லிபுரம், சரவணை எண்டு தேடினால் இந்தக் கட்டுரைதான் வரும். உங்கட கிணத்தின்ர படத்தோட."

வல்லிபுரம் திரும்பவும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மனோகரி வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நன்றி சொல்லிப் பழக்கமில்லாத சனம் என்று நிசாந்தினி நினைத்துக்கொண்டாள். சொல்லாததே அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது.

படலையடியில் ஒரு வான் வந்து நின்றது. வெயில் தொப்பி போட்ட ஒரு கணவனும் மனைவியும் இறங்கி, சொந்த வீடுபோல நேரே கிணற்றடிக்குப் போனார்கள். அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "நல்ல தெளிவான தண்ணி, என்ன?" என்றாள்.

"ஆர் அண்ணை இவை?"

"கனடாவில இருந்து வந்திருக்கினம். எதை வாங்கிறதெண்டாலும் இணையத்தில தேடிப் பார்த்துத்தான் வாங்குவினமாம்." வல்லிபுரத்தின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நாளைக்கு இந்த வளவை அவைக்கு வித்து, அவையின்ர பேரில உறுதி எழுத இருந்தது. திரும்பப் பூட்ட ஏலாதோ, பிள்ளை?"