சாந்து பூசாத பாலம்

2024 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். பரமட்டா நகரில் மழை ஓய்ந்து, ஆறாம் மாடி அலுவலகச் சன்னலில் வெயில் சாய்ந்து விழுகிறது. பாலங்களை வடிவமைக்கும் பொறியாளர் இரஞ்சிதம் கதிரையின் நுனியில் அமர்ந்திருக்கிறாள். இரண்டு முறை தள்ளிப்போன அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தை, மேலாளர் ஸ்ரீகாந்த் பாலத்தின் வரைபடத்தைப் போலவே சரிபார்க்கிறான்: சரியான வரிக்கு மஞ்சள், பிழைக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் தாள் திரும்பிவிடும். காரணம் கேட்கும் கட்டத்துக்குள், ஸ்பெயினின் செகோவியா நகரையே அவள் பொடி எழுத்தில் அடைத்திருக்கிறாள்: சாந்து பூசாமல் ரோமானியர் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய நீர்ப்பாலம், பாறைமேல் கப்பல் முனைபோல் நீளும் கோட்டை, மாலையில் பொன்னாகும் தேவாலயம். மஞ்சள் வரிவரியாக இறங்குகிறது.

“ரெண்டாயிரம் வருஷமா நிக்குது. இன்னும் ஒரு வருஷம் நிக்காதாக்கா?”

“அது நிக்கும் தம்பி. என்ர முழங்கால்தான் நிக்காது.”

அவன் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘ஏழு நாள்’ என்பதைச் சுற்றி வட்டமிடுகிறான். இரஞ்சிதம் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடிக்கிறாள்.

“போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். மூணு நாள்ல எதைப் பாப்பீங்க?”

“கூடக் கேட்டால் தரமாட்டியள் எண்டு நினைச்சன்.”

‘ஏழு’ என்பதை அடித்துவிட்டுப் ‘பதினான்கு’ என்று எழுதுகிறான். திருத்தத்துக்கு அருகே சுருக்கொப்பம், அடியில் முழுக் கையெழுத்து. மை காயட்டும் என்று ஒரு கணம் வெயிலில் பிடித்திருந்துவிட்டு, தாளை அவளிடம் நீட்டுகிறான்.