மறுபடி கூப்பிடுவார்கள்

குன்னூர் ஓட்டல் அறையில் இளம் வழக்கறிஞர் விருதுக்கு நேர்காணல் நடக்கிறது. நடுவர்களில், வாதாடியதைவிட வாய்தா வாங்கியதே அதிகமான வக்கீல் நான். ஜன்னலை மூடுபனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. "மஞ்சு" என்று அழைக்கிறார் ஓய்வுபெற்ற நீதிபதி புஷ்பவல்லி. நெல்லியாளம் எஸ்டேட்டிலிருந்து வந்திருக்கும் அவள் அப்பா சபாபதி எழுகிறார். வழியில் பெய்த மழையில் ஆள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறார். மார்போடு அணைத்திருக்கும் மகளின் கறுப்பு கவுன் மட்டும் நனையவில்லை. "பிள்ளை போன மாசம் தவறிருச்சுங்க. நேர்ல வரணும்னு சொல்லியிருந்தீங்க, அதான் இதைக் கொண்டாந்தேன்." நேரில் வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. நீதிபதியின் பேனா அசையவில்லை. கோர்ட்டில் ஆள் வராதபோது கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால், "பாஸ் ஓவர், மேடம்" என்கிறேன். அவர் தலையசைக்கிறார். "உட்காருங்க ஐயா, கடைசியில மறுபடி கூப்பிடுவோம்." சபாபதி பக்கத்து நாற்காலியில் கவுனை உட்காரவைக்கிறார், அது சரிந்துவிடாமல் கையால் பிடித்துக்கொள்கிறார்.