ரம்பத்துக்குப் பூட்டு

"ரம்பத்துக்குப் பூட்டுப் போடுற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா முதலாளி?"

மேஸ்திரியின் குரல் மரமில்லின் இரைச்சலையும் மிஞ்சியது.

குற்றவாளி எதிரிலேயே நின்றார். அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். ரம்பத்தின் பல்லில் மரச்சில்லு சிக்கினால் ஓட்டத்தை நிறுத்துவார். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டுவார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் ரம்பத்தின் மேல் கை வைப்பார்.

"பெட்டிக்குள்ளே நகை இருக்கா அண்ணே?" என்று மரம் தூக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"நகை இல்லப்பா. என் கை" என்பார்.

மேஸ்திரி வேறு ரகம். ஓடுகிற ரம்பத்திலேயே கையை விட்டுச் சில்லைத் தட்டிவிடுவார். "இத்தனை வருஷத்துல எனக்கு என்னடா ஆயிடுச்சு?" என்று வலது கையை விரித்தும் காட்டுவார். நான்கு விரல்கள் விரியும்.

முதலாளி பூட்டுக்காரரைப் பார்த்தார். "உங்களால தினமும் பத்துப் பலகை குறையுதாமே?"

"குறையும் முதலாளி."

"அந்தப் பூட்டைத் தூக்கிப் போட்டுட்டு வேலையைப் பாருங்களேன்."

"அது மட்டும் முடியாதுங்க."

"பார்த்தீங்களா வாயை!" என்று குதித்தார் மேஸ்திரி. "பயந்தாங்கொள்ளிக்கு ரம்பத்துக்கிட்ட என்ன வேலை? பூப்பறிக்கப் போகட்டும்!"

பூட்டுக்காரர் தலை குனிந்தார். "வீட்டுல நாலு பேர் சாப்பிடணும் முதலாளி. இதைத் தவிர எனக்கு வேற வேலை தெரியாது."

முதலாளி கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "மன்னிச்சுக்குங்க. நாளையிலிருந்து வர வேண்டாம்."

அடுத்த நொடியே, "ஆனா, திடீர்னு ரம்பம் ஓட்ட ஆளுக்கு எங்கே போறது?" என்றார்.

மேஸ்திரி இதற்குத்தான் காத்திருந்தார். "என் மாப்பிள்ளை வேலை இல்லாமத்தான் இருக்கார் முதலாளி. காலையிலேயே கூட்டிட்டு வந்துடறேன்."

"அடடே, நல்லதாப் போச்சு! பூட்டு, சாவி எதுவும் வேண்டாம். உங்களை மாதிரியே ஓடுற ரம்பத்துல கையை விட்டுச் சில்லை எடுக்கப் பழக்கிடுங்க."

மேஸ்திரியின் முகம் வெளுத்தது. போகத் திரும்பிய பூட்டுக்காரரின் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன முதலாளி இப்படிச் சொல்லிட்டீங்க! மாப்பிள்ளை இவர்கிட்டயே நின்னு பழகட்டும். அவர் என் பொண்ணோட புருஷனாச்சே!"